இனிப்புப் பெட்டி விக்ரம்

அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும், அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும், மேசை மேசையாக வந்து மதிப்பெண் இடும் நடுவர்களுக்கும்,



மாதிரி விண்கலம் செய்வதில் முதல் வேலை அளவெடுப்பது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04 மணிக்கு நிலவின் தென்துருவத்தை நோக்கிய பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் கலம் 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 1.17 மீட்டர் உயரமும் உடையது. அதைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 20 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 12 செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த உயரம் வரும். தீபாவளிக்கு வந்து காலியாகிப் பரணில் கிடக்கும் இனிப்புப் பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரம் வெட்டிச் சரிசெய்தால் இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். உங்கள் பிள்ளை செய்யவேண்டிய விண்கலத்தின் உடல் ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்காகத்தான் இந்த மடல்.

கண்காட்சி அறிவிப்பு வந்த நாளிலிருந்து பல வீடுகளில் நடப்பது வேறு. பள்ளிக்கு எதிரே உள்ள ஸ்டேஷனரி கடையில், தெர்மாகோலில் வெட்டி வண்ணம் பூசி, சீரியல் விளக்கு பொருத்திய ராக்கெட் தயாராக விற்பனைக்கு இருக்கிறது. வசதி உள்ளவர்கள் வாங்கிவிடுகிறார்கள். வாங்காத வீடுகளில் அப்பாவோ அக்காவோ இரவெல்லாம் கண்விழித்துச் செய்து முடிக்கிறார்கள். பிள்ளையின் பங்கு, கூடவே எழுதித் தரப்பட்ட தாளில் உள்ள ஆறு வரியை மனப்பாடம் செய்வது. மறுநாள் மேசைக்குப் பின்னால் நின்று அந்த ஆறு வரியையும் பிழையில்லாமல் ஒப்பிக்கிறது. அதற்கு அப்பால் ஒரு கேள்வி வந்தால் வாயடைத்து ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறது.

இதற்குப் பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. பெற்றோரே, வேலையும் பயணமும் தின்றது போக மிச்சமாகும் நேரத்தில் உங்களுக்குக் கடைதான் சுலபமான வழியாகத் தெரிகிறது. ஆசிரியர்களே, கண்காட்சி பற்றிய சுற்றறிக்கை உங்கள் கைக்கு வருவதே சில நாள் முன்னால்தான். நடுவர்களே, ஐம்பது மேசையைப் பார்த்து முடிக்க உங்களுக்குக் கிடைப்பது ஒரு காலைப் பொழுது. மூவரின் நெருக்கடியும் உண்மையானது. ஆனால் மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் விளைவு ஒரு பிள்ளையின் தலையில் விடிகிறது. அட்டைப் பெட்டியை வெட்டி, பசை காயக் காத்திருந்து, கால் உடைந்து மறுபடி ஒட்டித் தானே செய்த கலத்தோடு வந்த பிள்ளை, பக்கத்து மேசையில் விளக்கு மினுக்கும் ராக்கெட்டைப் பார்த்துத் தன் கலத்தைக் கையால் மறைத்துக்கொள்கிறது. பரிசு மினுக்கத்துக்குப் போகும்போது, அடுத்த ஆண்டு தானும் கடைக்குப் போக வேண்டும் என்ற ஒரே பாடத்தோடு அது வீடு திரும்புகிறது.

வாங்கிய மாதிரி எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. செய்யும் மாதிரியோ ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கேள்வி கேட்டு, விடை கிடைக்கும்வரை கையைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. விக்ரமின் பாகங்களை வரிசையாக எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும்.

முதலில் வடிவம். ராக்கெட்டின் முனை கூர்மையாக இருக்க, அதன் தலைக்குள் பயணம் செய்த விக்ரம் மட்டும் ஏன் பெட்டி போல இருக்கிறது? பெட்டியைக் கையில் எடுத்த பிள்ளைக்கு இது தானாகவே தோன்றும். பூமியிலிருந்து கிளம்பும் ராக்கெட் காற்றைக் கிழித்துப் போக வேண்டும். நிலவில் கிழிக்கக் காற்று இல்லை. அதனால் இறங்கு கலத்துக்குக் கூர்முனையும் வேண்டாம், வழவழப்பான உடலும் வேண்டாம். கருவிகளையும் எரிபொருள் தொட்டிகளையும் அடக்க வசதியான எந்த வடிவமும் போதும். சூரியத் தகடுகள் கூரையில் படுக்காமல் பக்கச் சுவர்களில் நிற்பதற்கும் காரணம் உண்டு. விக்ரம் இறங்கிய இடம் நிலவின் தெற்கே ஏறத்தாழ 69 பாகை அகலாங்கில் உள்ளது. அங்கே சூரியன் உச்சிக்கு வராது. அடிவானத்திலிருந்து அதிகம் ஏறாமல் சாய்ந்தே நகரும். சாய்ந்து வரும் வெயிலை ஏந்த நிமிர்ந்த தகடுதான் ஏற்றது. பழைய தினசரி நாட்காட்டியின் அட்டையை வெட்டி, கருநீலத் தாள் ஒட்டி, பெட்டியின் பக்கங்களில் பொருத்தும் பிள்ளை, அகலாங்குப் பாடத்தை அந்த அட்டையிலேயே படித்துவிடும்.

அடுத்தது பொன்னிறப் போர்வை. விக்ரமின் படத்தைப் பார்க்கும் பிள்ளை முதலில் கேட்பது அது தங்கமா என்றுதான். அது தங்கம் அல்ல. மிக மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின்மேல் அலுமினியத்தை ஆவியாகப் படியவைத்துச் செய்த தாள்களைப் பல அடுக்காகச் சேர்த்த வெப்பக் காப்பு. படலத்தின் இயல்பான மஞ்சள் நிறம் அலுமினியப் பளபளப்பின் மேல் விழும்போது பொன்போலத் தெரிகிறது. இப்போது சிப்ஸ் பொட்டலம் ஒன்றைக் கிழித்து உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்த வெள்ளிப் பளபளப்பும் பிளாஸ்டிக் படலத்தில் படியவைத்த அலுமினியம்தான். நொறுக்குத்தீனிக்குள் காற்றும் ஈரமும் ஒளியும் புகாமல் காக்க வந்த அதே கைவேலை, விண்வெளியில் கொதிக்கும் வெயிலையும் உறையும் நிழலையும் தடுக்கிறது. கழுவித் துடைத்த நாலைந்து பொட்டலங்களைப் பிரித்து, இடையிடையே பழைய கொசுவலைத் துண்டு வைத்து அடுக்கினால், அமைப்பிலும் அது உண்மையான காப்பை ஒத்திருக்கும். அங்கேயும் படலங்கள் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவே வலைத்துணி வைக்கிறார்கள். மேலடுக்குக்குப் பொன்னிறம் வேண்டுமென்றால் எந்த வீட்டிலும் நாலு பழைய கல்யாணப் பத்திரிகை இருக்கும்.

மூன்றாவது கால்கள். விக்ரமுக்கு நான்கு கால்கள். இதற்குத் தென்னை ஈர்க்குச்சியும் சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு ட்யூபும் போதும். தீக்குச்சிகளை வால்வு ட்யூப் துண்டுகளால் இணைத்து முக்கோணமும் கூம்பும் வீடும் கட்டிக் காட்டிய அரவிந்த் குப்தாவை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அவர், தூக்கியெறியும் பொருளில் அறிவியல் பொம்மை செய்யக் கற்பிப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் காட்டிய இணைப்பு வளையும், ஆனால் விடாது. அதை வைத்துக் காலைச் சதுரமாகக் கட்டினால் சாயும். குறுக்கே ஒரு குச்சி வைத்து முக்கோணமாக்கினால் நிற்கும். விண்கலத்தின் காலிலும் மின்கோபுரத்திலும் பாலத்திலும் ஏன் முக்கோணமே தெரிகிறது என்பதைப் பிள்ளையின் விரல் அப்போது அறிந்துகொள்ளும்.

காலின் உள்ளே இன்னொரு நுட்பம் இருக்கிறது. 1969இல் மனிதரை நிலவில் இறக்கிய அப்பல்லோ 11 கலத்தின் கால்களுக்குள் அலுமினியத் தேன்கூடு வைத்திருந்தார்கள். தரையில் மோதும்போது அந்தத் தேன்கூடு நசுங்கி அதிர்வைத் தானே வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு முறை இறங்க வேண்டிய காலுக்கு ஒரே ஒரு முறை நசுங்கும் பொருள் போதும். வீட்டுக்கு மிக்சியோ மின்விசிறியோ வந்த அட்டைப் பெட்டியின் ஓரத்தைப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு மடிப்பு தெரியும். அந்த நெளிவட்டையை விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, நெளிவு செங்குத்தாக நிற்கும்படி காலடியில் ஒட்டினால், நசுங்கி அதிர்வு வாங்கும் பாதம் தயார். நெளிவைக் கிடையாக வைத்தும் ஒரு பாதம் செய்து பார்க்கட்டும். எது தாங்கியது, எது சட்டென்று சப்பையானது என்ற வேறுபாட்டைப் பிள்ளையே எழுதி வைக்கட்டும்.

எஞ்சினும் கருவிகளும் நான்காவது. சந்திரயான்-3இன் விக்ரமுக்கு அடிப்பகுதியில் நான்கு எஞ்சின்கள். இருமல் மருந்துப் புட்டிகளின் மூடிகள் நான்கு அந்த இடத்தை நிரப்பும். நிலவின் மண்ணுக்குள் வெப்பநிலையை அளக்கச் சென்ற கருவி ஒரு மெல்லிய குத்தூசி, அதில் 10 வெப்ப உணரிகள் இருந்தன, 10 செ.மீ. ஆழம்வரை இறங்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபில் அதற்குப் போதும். மாதிரியில் அது மண்ணுக்குள் எவ்வளவு இறங்க வேண்டும்? பத்தில் ஒன்று என்றால் 1 செ.மீ. இந்தச் சின்னக் கணக்கைப் பிள்ளை தானாகப் போடும்போதுதான் அளவுவிகிதம் என்ற பாடம் புத்தகத்தை விட்டு வெளியே வருகிறது.

ஐந்தாவது பிரக்யான் ஊர்தி. 26 கிலோ எடையும் ஆறு சக்கரமும் கொண்ட அது, விக்ரமின் சாய்தளத்தில் இறங்கி நிலவின் தரையில் 100 மீட்டர் அளவுக்கு ஊர்ந்தது. பற்பசைப் பெட்டியின் அட்டை உடலாகும். ஒரே அளவுள்ள ஆறு பாட்டில் மூடிகள் சக்கரமாகும். மூடியின் ஓரத்தில் உள்ள வரிப்பள்ளங்கள் மணலைப் பற்றும். நான்கு சக்கரம் போதாதா என்று பிள்ளை கேட்டால் விடை சொல்லாதீர்கள். நான்கு சக்கரத்தில் ஒன்றும் ஆறு சக்கரத்தில் ஒன்றுமாகச் செய்து, தரையில் ஒரு பென்சிலைக் கிடத்தி இரண்டையும் அதன்மேல் தள்ளச் சொல்லுங்கள். ஆறு சக்கர ஊர்தியின் பக்கக் கைகளை வால்வு ட்யூபால் இணைத்து ஆடவிட்டால், ஒரு சக்கரம் மேலேறும்போதும் மற்றவை தரையை விடாமல் இருப்பதை அது கண்ணால் பார்க்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் முக்கியமான வேலை தொடங்குகிறது: சோதனை. கடையில் வாங்கிய ராக்கெட்டை யாரும் கீழே போட்டுப் பார்ப்பதில்லை; காசு கொடுத்து வாங்கியது உடைந்துவிடும். இனிப்புப் பெட்டி விக்ரமைக் கீழே போடுவதற்காகவே செய்ய வேண்டும். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம், இறங்கும் கடைசிக் கட்டத்தில் கட்டுப்பாடு இழந்து நிலவில் மோதியது. அடுத்த விக்ரமை வடிவமைத்தவர்கள், விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரை தொடலாம் என்றிருந்த காலை, 3 மீட்டர் வேகத்தையும் தாங்கும்படி வலுப்படுத்தினார்கள். இந்த இரண்டு வேகத்தையும் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே உண்டாக்கலாம். 20 செ.மீ. உயரத்திலிருந்து விடும் பொருள் ஏறத்தாழ விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 46 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் அந்த வேகம் 3 மீட்டர்.

சுவரில் இரண்டு கோடு போடுங்கள். ஒன்று 20 செ.மீ., இன்னொன்று 46 செ.மீ. பெட்டிக்குள் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைக் கட்டி வையுங்கள். முதல் கோட்டிலிருந்து விட்டபோது தாங்கிய கால், இரண்டாவது கோட்டில் உடையக்கூடும். வேகம் ஒன்றரை மடங்குதானே கூடியது, உயரம் மட்டும் ஏன் ஏறத்தாழ இரண்டே கால் மடங்கு கூடியது என்ற கேள்வி அப்போது எழும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்ற வரி பாடநூலில் இருக்கிறது; உடைந்த ஈர்க்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்த பிள்ளைக்கு அது மறக்காது. நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு என்பதால், அதே 3 மீட்டர் வேகத்தை அங்கே உண்டாக்க ஏறத்தாழ 2.8 மீட்டர் உயரத்திலிருந்து விட வேண்டும் என்ற கணக்குவரை போகும் பிள்ளையும் உண்டு. சிறு பெட்டி வாங்கும் அடியும் 1,700 கிலோவுக்கு மேல் எடையோடு ஏவப்பட்ட கலம் வாங்கும் அடியும் ஒன்றல்ல என்பதையும் அதே பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

எதன்மேல் போடுவது என்பதும் சோதனையின் ஒரு பகுதி. சிமென்ட் தரை, ஆற்று மணல், சலித்த சாம்பல் மூன்றிலும் போட்டுப் பார்த்தால் மூன்று விதமான பள்ளம் விழும். இதில் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஓர் உரிமை உண்டு. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தசைட் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. அந்தப் பாறையைப் பொடித்து உண்டாக்கிய செயற்கை நிலவு மண்ணில்தான் இஸ்ரோ தன் கலத்தின் இறக்கத்தையும் ஊர்தியின் ஓட்டத்தையும் சோதித்துப் பார்த்தது. நிலவுக்குப் போகும் முன்பு விக்ரமின் கால் பழகியது நம் மண்ணில். சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பள்ளி படித்தவர். விக்ரமை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் திரவ எரிபொருள் எஞ்சின்களும் கிரையோஜெனிக் எஞ்சினும் நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டவை. இவ்வளவு அருகில் இருக்கும் ஒன்றைப் பிள்ளையின் கைக்கு எட்டாத கண்ணாடிப் பெட்டிப் பொருளாக மாற்றிவிட வேண்டாம்.

உடைந்த கால் வெட்கப்பட வேண்டியதல்ல. எவையெல்லாம் பிழைபடக்கூடும் என்று முதலில் பட்டியலிட்டு, அவை நேர்ந்தாலும் கலம் பிழைக்கும்படி சந்திரயான்-3 வடிவமைக்கப்பட்டது என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு தோல்வியை நாட்டின் கண்முன் வைத்து, நான்கு ஆண்டு உழைத்து, அதே தோல்வியிலிருந்து வெற்றியை எடுத்தவர்கள் அவர்கள். உங்கள் பள்ளிக் கண்காட்சியில் உடைந்த மாதிரிக்கு இடமே இல்லை என்றால், விண்வெளி ஆய்வின் நடுப்பக்கத்தைக் கிழித்துவிட்டு அட்டையை மட்டும் காட்சிக்கு வைத்ததாகிவிடும்.

கலத்தோடு ராக்கெட்டும் வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால் அதற்கும் கடை தேவையில்லை. விக்ரமை ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர், நடு உடலின் விட்டம் 4 மீட்டர், பக்கத்தில் ஒட்டிய திட எரிபொருள் உந்திகள் இரண்டின் விட்டம் தலைக்கு 3.2 மீட்டர். இங்கே நூறில் ஒரு பங்கு எடுத்தால் 43.5 செ.மீ. உயரம், 4 செ.மீ. விட்டம், 3.2 செ.மீ. விட்டம். இதற்குப் பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் போதும். தேவையான பருமனுள்ள ஒரு குழாயின்மேல் பசை தடவிய தாளை இறுக்கிச் சுற்றி, காய்ந்த பிறகு உருவினால் கட்டை போன்ற குழல் கிடைக்கும். தனித்தாள் கிழியும், பசையோடு பத்துச் சுற்று சுற்றிய தாள் கிழியாது. பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்ட மோட்டாரின் உறையும் இதே அடிப்படையில் உருவானதுதான். வலுமிக்க செயற்கை இழையைப் பிசினோடு சேர்த்துச் சுற்றிச் செய்யப்படுவது. ஆனால் கலத்தையும் ராக்கெட்டையும் ஒரே மேசையில் வைக்கும் பிள்ளை, ஒன்று பத்தில் ஒன்று, மற்றது நூறில் ஒன்று என்று எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் பார்ப்பவர், ராக்கெட்டின் தலைக்குள் அடங்கிப் போன கலம் ராக்கெட்டைவிடப் பருத்தது என்று எண்ணிவிடுவார்.

தெர்மாகோலைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. அது மக்காது, உதிர்ந்தால் மணிமணியாகப் பிரிந்து சாக்கடைக்கும் வயலுக்கும் போகும், அதை எடுக்கப் பழைய பொருள் கடைக்காரரும் விரும்புவதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது தெர்மாகோல் தட்டும் கோப்பையும் அந்தப் பட்டியலில் இருந்தன. நெகிழி ஒழிப்பு உறுதிமொழியைக் காலை வணக்கத்தில் சொல்ல வைக்கும் பள்ளி, மாலையில் வண்டி நிறையத் தெர்மாகோல் மலையையும் தெர்மாகோல் ராக்கெட்டையும் குப்பையில் கொட்டுவது பிள்ளைகளின் கண்முன் நடக்கிறது. அவர்கள் எதை நம்புவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இனிப்புப் பெட்டி விக்ரமைப் பிரிக்கலாம். கூடியவரை பசைக்குப் பதில் நூலும் வால்வு ட்யூபும் செருகலும் கொண்டு இணைத்தால், கண்காட்சி முடிந்ததும் அட்டை பழைய பேப்பர் கடைக்கும் குச்சி அடுத்த மாதிரிக்கும் போகும். சிப்ஸ் பொட்டலத்தில் மட்டும் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால் அதை மறுசுழற்சி செய்வது கடினம். அதைப் பிள்ளை தன் கையாலேயே பிரிக்க முயன்று தெரிந்துகொள்ளட்டும். வாங்கும்போதே யோசிக்க வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைக்கும்.

கழிவுப் பொருளில் செய்வது ஏழ்மையின் அடையாளம் என்று நினைப்பவர்களும் உங்களில் இருக்கலாம். 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூன்று விண்வெளி வீரர்களும் இறங்கு கலத்துக்குள் ஒதுங்கினார்கள். அவர்கள் விட்ட மூச்சுக் காற்றிலிருந்த கரியமில வாயு ஏறிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் மாற்று வடிகட்டிகள் தாய்க்கலத்தில் இருந்தன. ஆனால் அவை சதுரம். இறங்கு கலத்தின் துளையோ வட்டம். தரையிலிருந்த பொறியாளர்கள், கலத்துக்குள் என்னென்ன பொருள் இருக்கின்றன என்று பட்டியலெடுத்து, பிளாஸ்டிக் பை, கையேட்டின் அட்டை, விண்வெளி உடையின் குழாய், ஒட்டு நாடா ஆகியவற்றை வைத்து ஓர் இணைப்பைச் செய்து பார்த்து, அதன் செய்முறையை வானொலியில் படித்துக் காட்டினார்கள். வீரர்கள் அதைக் கேட்டுக் கையால் செய்தார்கள். மூவரும் உயிரோடு திரும்பினார்கள். கைக்குக் கிடைத்ததை வைத்து வேண்டியதைச் செய்யும் திறமை பொறியியலின் உச்சம். அட்டையும் நாடாவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளை அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

பாதுகாப்பில் மட்டும் பெரியவர்களின் கை இருக்க வேண்டும். பிளேடும் கத்தியும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதுதான். தகர டப்பாவை வெட்டினால் ஓரம் கையைக் கிழிக்கும். அட்டை இருக்கும்போது தகரம் வேண்டாம். பிளாஸ்டிக்கைத் தீயில் காட்டி ஒட்டக் கூடாது; அந்தப் புகை நஞ்சு. உடைந்த ட்யூப்லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கும். பழைய பேட்டரியில் அரிக்கும் வேதிப்பொருள் இருக்கும். பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் தொடவே கூடாது. இவை எந்த மாதிரிக்கும் வேண்டாம். மைதாப் பசையைப் பெரியவர் காய்ச்சிக் கொடுத்தால், ஆறிய பிறகு பிள்ளை கையாலேயே தடவலாம்.

நேரம் போதாது என்பது நியாயமான மறுப்புதான். ஆனால் இந்த வேலை ஓர் இரவுக்கான வேலை அல்ல. ஒரு மாலை அளவெடுக்க, ஒரு மாலை உடலும் போர்வையும், ஒரு மாலை காலும் எஞ்சினும், ஒரு மாலை ஊர்தி, ஒரு மாலை கீழே போட்டு உடைக்க, இன்னொன்று திருத்த. ஆறு மாலையில், மாலைக்கு ஒரு மணி நேரம். மாதிரி அழகாக இருக்காதே என்ற மறுப்பும் வரும். கோணலாக ஒட்டிய தகடும், ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்த காலும், உள்ளே இருக்கும் இனிப்புக் கடையின் பெயர் லேசாகத் தெரியும் பெட்டியும், ஒரு பிள்ளை இதைத் தானே செய்தது என்பதற்குச் சான்று. அந்தச் சான்றை வண்ணம் பூசி மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் மூவரிடமும் மூன்று வேண்டுகோள்.

பெற்றோரே, இந்த ஆண்டு மாதிரியை வாங்காதீர்கள். நீங்களே செய்தும் கொடுக்காதீர்கள். பெட்டி, அட்டை, மூடி, ஈர்க்குச்சி, நூல் ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்துப் பிள்ளையின் முன் வையுங்கள். கத்தரிக்கோல் பிடிக்கும்போது பக்கத்தில் இருங்கள். மற்ற நேரத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கேட்டால் விடைக்குப் பதிலாக, செய்து பார்க்க ஒரு வழியைச் சொல்லுங்கள். கால் உடைந்து அழுதால், விக்ரமும் முதல் முறை உடைந்ததைச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களே, கண்காட்சித் தேதியை ஒரு மாதம் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தெர்மாகோலும் கடையில் வாங்கிய மாதிரியும் வேண்டாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். வகுப்பின் மூலையில் ஒரு சாக்குப்பை தொங்கவிட்டு, கழுவி உலர்ந்த பெட்டியும் மூடியும் அதில் சேரட்டும்; வீட்டில் எதுவும் மிஞ்சாத பிள்ளைக்கும் அதிலிருந்து கிடைக்கட்டும். ஒவ்வொரு மேசையிலும் முடிந்த மாதிரியோடு, முதலில் உடைந்த மாதிரியும் அளவுக் குறிப்பேடும் இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

நடுவர்களே, ஒப்பிக்கும் வரியைப் பாதியில் நிறுத்தி மூன்று கேள்வி கேளுங்கள். இது உண்மையான கலத்தைவிட எத்தனை மடங்கு சிறியது? இந்தப் பாகத்தை ஏன் இந்தப் பொருளில் செய்தாய்? முதல் முறை எது உடைந்தது, என்ன மாற்றினாய்? மூன்றுக்கும் ஒரு மேசைக்கு இரண்டு நிமிடம் போதும். விடை சொல்லும் பிள்ளைக்குப் பரிசு கொடுங்கள். அதன் கலத்தில் விளக்கு எரியாவிட்டாலும் கொடுங்கள். நீங்கள் ஓர் ஆண்டு அப்படிக் கொடுத்துவிட்டால், மறு ஆண்டு எந்தப் பெற்றோரும் அந்தக் கடைக்குப் போகமாட்டார்கள்.

பரணில் அந்த இனிப்புப் பெட்டி காலியாகத்தான் கிடக்கிறது. இன்று மாலையே அதை எடுத்து, ஓர் அளவுகோலோடு உங்கள் பிள்ளையின் கையில் கொடுங்கள்.